குன்றல் பகுப்பு தலையில் ஏறவில்லையா? இரண்டு நிறக் கம்பளி நூலோடு உட்காருங்கள்

லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன் என்று குன்றல் பகுப்பின் முதல் கட்டத்தில் வரும் ஐந்து நிலைகளின் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளிடம், "சரி மக்களே, செல்லுக்கு எதுக்கு இந்தப் பாடெல்லாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பெயர்களின் மேல் குற்றமில்லை. அவற்றை முதலில் படிப்பதுதான் சிக்கல். விந்து, முட்டை, மகரந்தம் உண்டாவதற்காக, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி இரண்டு சுற்றாக நடக்கும் செல் பகுப்புதான் குன்றல் பகுப்பு (மியாசிஸ்). அதில் எல்லோரும் 'பகுப்பு' என்பதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் உண்மையான வேலை பிரிவதற்கு முன்னால் நடக்கிறது: குரோமோசோம்கள் ஜோடி தேடிச் சேர்கின்றன. அது ஒழுங்காக நடந்தால் மீதி தானாக நடக்கும். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பின்புறத்தில் ஓர் அத்தாட்சி குலை தள்ளி நிற்கிறது. செவ்வாழையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு வருவோம்.

இது பிளஸ் ஒன் மாணவர்களுக்கும், நீட்டுக்குப் படிப்பவர்களுக்கும், பள்ளியில் இந்தப் பாடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு இப்போது பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முடியாமல் விழிக்கும் பெற்றோருக்கும். சிவப்பு, மஞ்சள் கம்பளி நூல், கொஞ்சம் பாசிமணி, கத்தரிக்கோல், செலோடேப், ஒரு நாணயம், ஒரு தேங்காய், ஒரு செவ்வாழைப் பழம் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காயும் பழமும் வீணாகாது.

முதலில் எண்ணிக்கை

மனித உடல் செல்லில் 46 குரோமோசோம்கள். 1956 வரை இதை 48 என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டுதான் ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் இருவரும் ஒழுங்காக எண்ணி 46 என்று காட்டினார்கள். நெல்லில் 24, தென்னையில் 32, பலாவில் 56. ரப்பருக்கும் மரச்சீனிக்கும் (மரவள்ளி) 36 (இரண்டும் ஆமணக்குக் குடும்பம்). எண்ணிக்கை கூடினால் உயர்ந்த உயிர் என்று நினைத்துவிட வேண்டாம். ஓபியோகிளாசம் என்ற சின்னப் பெரணிச் செடியில் 1260 இருக்கின்றன.

கவனிக்க வேண்டியது, இவை எல்லாம் இரட்டைப்படை எண்கள். 46 என்றால் 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா வழி, ஒன்று அப்பா வழி. இரண்டிலும் அதே மரபணுக்கள் அதே வரிசையில் இருக்கும். டிஎன்ஏ எழுத்தில் மட்டும் அங்கங்கே வித்தியாசம். இவைதான் ஒத்த குரோமோசோம்கள்.

இப்போது நூலை எடுங்கள். ஒரு சாண் நீளத்தில் சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. அதில் பாதி நீளத்தில் இன்னொரு சிவப்பு, இன்னொரு மஞ்சள். விரல் நீளத்தில் மூன்றாவது ஜோடி. சிவப்பு அம்மா வழி, மஞ்சள் அப்பா வழி. ஆறு குரோமோசோம் உள்ள ஒரு செல் தயார்.

நகல் எடுங்கள்

பகுப்பு தொடங்குவதற்கு முன்பே செல் தன் டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுத்துவிடும். ஒவ்வொரு நூலுக்கும் அதே நிறத்தில், அதே நீளத்தில் இன்னொன்று வெட்டி, இரண்டையும் ஒரே பாசிமணிக்குள் நுழைத்து, மணியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மணிதான் சென்ட்ரோமியர். ஒரே மணிக்குள் இருக்கும் இரண்டு நூலும் சகோதரி குரோமேட்டிடுகள்.

இங்கேதான் தேர்வில் மதிப்பெண் போகும். மேசையில் இப்போது பன்னிரண்டு நூல். குரோமோசோம் எத்தனை? ஆறுதான். மணியை எண்ணுங்கள், நூலை எண்ணாதீர்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் எண்ணிக்கைக் கணக்குகளில் பாதி முடிந்தது.

அப்புறம், ஒவ்வொரு சகோதரி ஜோடியின் நுனிகளையும் செலோடேப்பால் சேர்த்து ஒட்டிவிடுங்கள். உண்மையில் கோஹெசின் என்ற புரதம் இரண்டையும் நீளம் முழுக்கச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நமக்கு நுனியில் ஒட்டினால் போதும். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

ஜோடி சேர்த்து, வெட்டி, மாற்றி முடியுங்கள்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். நீளமான சிவப்பையும் நீளமான மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுத்தரத்துக்கு நடுத்தரம், குட்டைக்குக் குட்டை. செல்லிலும் இப்படித்தான், ஒத்தது ஒத்ததைத் தேடி நீளவாக்கில் ஒட்டுகிறது. சாதாரண செல் பகுப்பில் (மைட்டாசிஸ்) இந்த வேலையே கிடையாது. அங்கே அம்மா வழிக் குரோமோசோமும் அப்பா வழிக் குரோமோசோமும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை.

இப்போது நீளமான ஜோடியில் ஒரு சோதனை. இடக்கையில் சிவப்பு மணி, வலக்கையில் மஞ்சள் மணி. இரண்டையும் எதிரெதிராக இழுங்கள். ஒரு பிடிப்பும் இல்லாமல் விலகி வந்துவிடும்.

மறுபடி சேர்த்து வையுங்கள். மணிக்கும் நுனிக்கும் நடுவே ஓர் இடத்தில், ஒரு சிவப்பு நூலையும் ஒரு மஞ்சள் நூலையும் ஒரே மட்டத்தில் வெட்டுங்கள். சிவப்பின் வெட்டுமுனையோடு மஞ்சள் நுனித்துண்டை முடியுங்கள், மஞ்சளோடு சிவப்பு நுனித்துண்டை முடியுங்கள். டேப்பைத் தொட வேண்டாம். இதுதான் குறுக்கேற்றம். முடிச்சு விழுந்த இடம் கயாஸ்மா.

இனி மணிகளை மறுபடி எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். வராது. நூல் விறைத்து நிற்கும். சிவப்பு நுனி இப்போது மஞ்சள் மணியோடு சேர்ந்த நூலில் இருக்கிறது, ஆனால் டேப் அதைச் சிவப்பு மணியின் நூலோடு பிடித்திருக்கிறது. ஒரு வெட்டு, ஒரு முடிச்சு, ஜோடி கட்டுண்டுவிட்டது.

குறுக்கேற்றம் என்றால் 'புதிய பண்புச் சேர்க்கை வரும்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவது வழக்கம். அது சரிதான். ஆனால் அதைவிட அவசரமான வேலை ஒன்றையும் அது செய்கிறது. செல்லின் இரு முனைகளிலிருந்தும் கதிர் இழைகள் வந்து மணிகளைப் பிடித்து இழுக்கும்போது, ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் என்று சரியாகப் பிடிபட்டிருக்கிறதா என்பதைச் செல் அந்த விறைப்பை வைத்தே அறிகிறது. விறைப்பில்லாத ஜோடி எந்தப் பக்கம் போகும் என்று உறுதியில்லை. அதனால்தான் பெரும்பாலான உயிர்களில் ஜோடிக்குக் குறைந்தது ஒரு குறுக்கேற்றமாவது நடந்தாக வேண்டியிருக்கிறது. ஹாரியட் கிரைட்டன், பார்பரா மெக்ளின்டாக் இருவரும் 1931-இல் மக்காச்சோளத்தை வைத்து, மரபணுக்கள் இடம் மாறும்போது குரோமோசோம் துண்டுகளே இடம் மாறுவதைக் காட்டினார்கள்.

ஒப்பித்த ஐந்து பெயர்களையும் இப்போது இதன்மேல் போட்டுப் பாருங்கள். நூல் மெல்லியதாகத் தெரியத் தொடங்குவது லெப்டோட்டீன், ஜோடி சேர்வது சைகோட்டீன், வெட்டி மாற்றுவது பாக்கிட்டீன், விலகத் தொடங்கி முடிச்சுகள் வெளியே தெரிவது டிப்ளோட்டீன், சுருங்கித் தடித்துக் கிளம்பத் தயாராவது டையாகைனசிஸ்.

நாணயத்தைச் சுண்டுங்கள்

தாளின் நடுவில் கோடு போட்டு மூன்று ஜோடியையும் கோட்டின்மேல் வையுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒருமுறை நாணயம் சுண்டுங்கள். தலை விழுந்தால் சிவப்பு மணி மேலே, பூ விழுந்தால் மஞ்சள் மேலே. பிறகு டேப்பை மட்டும் நறுக்கி, மணிகளை மேலும் கீழும் இழுத்துவிடுங்கள். மணிக்குள் இருக்கும் பிடிப்பு இந்த முதல் சுற்றில் அவிழக் கூடாது. செல்லிலும் கைப்பகுதிகளில் (மணிக்கு இருபுறமும் நீளும் பகுதிகளில்) உள்ள கோஹெசின்தான் அறுகிறது, சென்ட்ரோமியரில் உள்ளதற்குத் தனிக் காவல் புரதம் உண்டு.

மேலே மூன்று மணி, கீழே மூன்று மணி. ஆறு மூன்றாகக் குறைந்தது இங்கேதான், இரண்டாம் சுற்றில் அல்ல. மூன்று ஜோடிக்கு எட்டு விதச் சேர்க்கை. தென்னையின் 16 ஜோடிக்கு 65,536. மனிதனின் 23 ஜோடிக்கு 83,88,608. அம்மா பக்கம் இத்தனை, அப்பா பக்கம் இத்தனை என்று பெருக்கினால் 70 லட்சம் கோடியைத் தாண்டும். இது வெறும் நாணயக் கணக்கு. குறுக்கேற்றத்தைச் சேர்த்தால் எண்ணுவதில் அர்த்தமே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இரண்டாம் சுற்று எளிது. இடையில் நகல் எடுப்பது கிடையாது. மணியை உடைத்து ஒவ்வொரு நூலையும் தனியாக அனுப்பினால் நான்கு செல், ஒவ்வொன்றிலும் மூன்று நூல். பார்ப்பதற்குச் சாதாரண மைட்டாசிஸ் போலவே இருக்கும். ஒரு வித்தியாசம், நீளமான ஜோடியில் பிரியும் சகோதரிகள் இப்போது ஒரே மாதிரி இல்லை. ஒன்றின் நுனியில் வேறு நிறம்.

ஆண் பக்கத்தில் நான்கும் பயன்படும். பெண் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் தேறும். மனிதரில் மற்றவை துருவச் செல்களாக ஒதுங்கிவிடும், பூவில் மூன்று அழிந்துவிடும்.

தேர்வுக்காகத் தென்னையை வைத்து ஒருமுறை எண்ணிவிடலாம். நகல் எடுத்த பிறகு குரோமோசோம் 32, குரோமேட்டிட் 64. ஜோடி சேர்ந்ததும் 16 ஜோடி. முதல் சுற்று முடிந்ததும் ஒரு செல்லில் குரோமோசோம் 16, குரோமேட்டிட் 32. இரண்டாம் சுற்று முடிந்ததும் 16, அவ்வளவுதான். வேறு எந்த உயிரைக் கொடுத்தாலும் இதே வழி.

தேங்காயை உடையுங்கள்

கதம்பையும் (நார் மட்டை) சிரட்டையும் தாய் மரத்தின் உடல். அதன் செல்களில் 32. சிரட்டையின் மூன்று கண்ணில் மெதுவாக இருக்கும் ஒன்றுக்கு அடியில், பருப்பில் புதைந்து ஒரு சின்ன வெள்ளைக் குருத்து இருக்கும். அதுதான் கரு. மகரந்தத்தின் 16-உம் அண்டத்தின் 16-உம் சேர்ந்து அங்கே 32. நாம் துருவும் பருப்பு இரண்டிலும் சேராது. மகரந்தத்தில் வரும் இரண்டாவது ஆண் செல், தாயின் இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்து உண்டானது அது. 16 மூன்று தடவை, ஆக 48. முளைத்த தேங்காய்க்குள் பிள்ளைகள் போட்டிபோட்டு எடுக்கும் தேங்காய்ப்பூவோ கருவின் பகுதி, அங்கே மறுபடி 32. ஒரே காய்க்குள் மூன்று கணக்கு.

இதில் தோப்புக்காரர்களுக்கு ஒரு சேதி உண்டு. நெட்டைக்கும் குட்டைக்கும் பிறந்த வீரிய ஒட்டுத் தென்னை நன்றாகக் காய்க்கிறதே என்று அதில் விழுந்த நெற்றை முளைக்கப் போடாதீர்கள். அந்த மரத்தின் செல்லில் நெட்டைத் தொகுதி ஒன்றும் குட்டைத் தொகுதி ஒன்றும் ஜோடியாக இருக்கின்றன. பூ வைக்கும்போது குன்றல் பகுப்பு அந்த ஜோடியைக் கலைத்து, ஒவ்வொரு மகரந்தத்திலும் அண்டத்திலும் வெவ்வேறு கலவையாகப் போட்டுவிடுகிறது. பிறக்கும் கன்று ஒன்று நெடுநெடுவென்று போகும், ஒன்று குட்டையாக நிற்கும், காய்ப்பும் ஒன்றுபோல் இருக்காது. ஒட்டுக் கன்று வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் நெட்டையையும் குட்டையையும் புதிதாகச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வேண்டுமென்றே கெடுங்கள்

இப்போது மேசையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு நீளத்திலும் மூன்றாவதாக ஒரு நூலைச் சேருங்கள். சிவப்பு, மஞ்சள், இன்னொரு சிவப்பு. ஜோடி சேருங்கள் பார்க்கலாம்.

இரண்டு சேரும், ஒன்று தனியே நிற்கும். அல்லது மூன்றும் சிக்கிக்கொள்ளும். இழுக்கும்போது ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. அடுத்த நீளத்தில் அதுவே எதிர்ப்பக்கமாக விழலாம். கடைசியில் கிடைக்கும் செல்லில் சிலது ஒன்று, சிலது இரண்டு என்று கணக்கு கோணலாகிவிடும். செவ்வாழையின் நிலைமை இதுதான். காட்டு வாழைக்கு 22 குரோமோசோம், அதாவது 11 ஜோடி. செவ்வாழைக்கு 33. ஏத்தனுக்கும் (நேந்திரன்) 33. பதினொரு மும்மையும் ஒரே ஒழுங்கில் பிரிந்து சரியாக 11 அல்லது 22 உள்ள செல் கிடைக்கும் வாய்ப்பைக் கணக்குப் போட்டால் 1024-இல் ஒன்று. ஏத்தனில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் மூன்று தொகுதிகளில் இரண்டு மூசா அக்கியுமினேட்டா என்ற காட்டு வாழை இனத்திலிருந்து வந்தவை, ஒன்று மூசா பால்பிசியானா என்ற வேறொரு காட்டு இனத்திலிருந்து வந்தது; அந்த ஒன்று மற்ற இரண்டோடு முழுதாக ஒத்ததல்ல.

செவ்வாழைப் பழத்தைக் குறுக்கே நறுக்குங்கள். நடுவில் மூன்று வரிசையாகத் தெரியும் கறுப்புப் புள்ளிகள், விதையாக வேண்டியவை. வளராமல் நின்றுவிட்டன. காட்டு வாழைப் பழத்தில் அந்த இடத்தில் பல்லை உடைக்கும் கறுப்பு விதைகள் நிறைந்திருக்கும்.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை யாராவது கேட்கும்: "சார், மட்டி வாழைக்கு 22 தானே? அதுலயும் விதை இல்லையே?" நல்ல கேள்வி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி இருமய ரகம்தான், அதாவது இரண்டு தொகுதி குரோமோசோம் உள்ளது. ஆனால் விதையில்லாத பழத்துக்கு இரண்டு விஷயம் வேண்டும்: விதை உருவாகாமல் போக வேண்டும், விதை இல்லாவிட்டாலும் காய் பருக்க வேண்டும். கருவுறாமலே கனியும் குணம் மட்டியிலும் உண்டு, செவ்வாழையிலும் உண்டு. வயலில் அவற்றுக்கு மகரந்தம் சேராமலே குலை தேறிவிடுகிறது. மும்மயம், அதாவது மூன்று தொகுதி இருப்பது, செவ்வாழைக்குக் கூடுதல் தடை. வாழை ஆராய்ச்சியில் புதிய ரகம் உருவாக்குவதற்கு இருமய ரகங்களைத் தேடிப் போவதும் இதனால்தான். ஜோடி சேர ஆள் இருக்கிறது.

விதை இல்லாததால் கன்று பிரித்து நடுகிறோம். அது முழுக்க மைட்டாசிஸ். தாய்க்கு என்னவோ அதுவே கன்றுக்கு. ருசி மாறாது, நல்லது. ஆனால் ரசகதலி வாழைத் தோட்டத்தில் வாடல் நோய் புகுந்தால் ஒரு வாழை மூடுகூடத் தப்பாததும் அதனால்தான்; எல்லாம் ஒரே ஆள், எதிர்க்கத் தெரிந்த வேறொருவர் வரிசையில் இல்லை.

நம் வீட்டுக் கணக்கு

பெண் குழந்தையின் சினைமுட்டைச் செல்கள் அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே குன்றல் பகுப்பைத் தொடங்கி, ஜோடி சேர்ந்த நிலையிலேயே நின்றுவிடும். வயதுக்கு வந்த பிறகு ஒவ்வொரு மாதமும் ஒன்று அங்கிருந்து தொடரும். இரண்டாம் சுற்று விந்து நுழைந்த பிறகுதான் முடியும். முப்பத்தைந்து வயதில் வெளிவரும் முட்டையில் அந்த ஜோடி முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகக் கட்டுண்டு காத்திருக்கிறது. பிடிப்புப் புரதம் தளர்ந்தால் ஜோடி சரியாகப் பிரியாது. 21-ஆம் குரோமோசோம் இரண்டும் ஒரே பக்கம் போய்விட்டால் குழந்தைக்கு அது மூன்றாகிவிடும். இதுதான் டவுன் நோய்க்குறி. காரணத்தை 1959-இல் லெஜூன் குழுவினர் வெளியிட்டார்கள். தாய்க்கு 35 வயதில் ஏறக்குறைய 350 பிறப்பில் ஒன்று, 40 வயதில் 100-இல் ஒன்று என்ற அளவில் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பத்தில் எதைத் தின்றாள், எந்தக் கிரகணத்தைப் பார்த்தாள் என்று யாரும் தேட வேண்டியதில்லை.

ஆணிலோ இந்தப் பகுப்பு பருவ வயதில் தொடங்கி ஓயாமல் நடக்கும். எக்ஸும் ஒய்யும் நீளத்தில் பொருந்தாத ஜோடி, நுனியில் ஒரு சிறு பகுதியில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பிரியும்போது பாதி விந்தணுவுக்கு எக்ஸ், பாதிக்கு ஒய். முட்டையில் எப்போதும் எக்ஸ்தான். பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்பாவின் செல்லில் விழும் நாணயம். அடுத்ததும் பெண்ணா என்று மருமகளைக் குத்திப் பேசும் மாமியார்களுக்கு இந்தப் பத்தியை வாசித்துக் காட்டலாம்.

கண்ணால் பார்க்க

நூலோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ கூட்டு நுண்ணோக்கி இருந்தால், ஆசிரியர் துணையோடு ஒரு ஸ்லைடு போட்டுவிடலாம். தொட்டியில் நான்கைந்து மக்காச்சோளம் விதையுங்கள். அதில் 10 ஜோடிதான், எண்ணுவது எளிது. உச்சியில் ஆண் பூங்கொத்து இலைச்சுருளுக்குள் இன்னும் ஒளிந்திருக்கும்போதே எடுக்க வேண்டும். வெளியே வந்து ஆடத் தொடங்கிவிட்டால் காலம் கடந்துவிட்டது, உள்ளே மகரந்தம் ஆகியிருக்கும். காலை ஒன்பது பத்து மணிவாக்கில் எடுத்து, மூன்று பங்கு எத்தில் ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஒரு நாள் போட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம்.

ஒரு பூவிலிருந்து ஒரு மகரந்தப்பையை மட்டும் எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டு அசிட்டோகார்மினில் வைத்து, இரும்பு ஊசியால் நசுக்குங்கள். இரும்பு பட்டால் சாயம் நன்றாகப் பிடிக்கும். தோல் துணுக்குகளை எடுத்துவிட்டு, மூடுவில்லை வைத்து, சுடர்மேல் ஒருமுறை லேசாகக் காட்டி, ஒற்றுத்தாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் அசைந்தால் செல் உருண்டு சிதைந்துவிடும். முதலில் பத்து மடங்கு, பிறகு நாற்பது.

தவறான நிலை தெரிந்தால் அந்தப் பூவைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே பூவின் மூன்று பைகளும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும் என்பதால் அங்கே தேடிப் பயனில்லை. ஆனால் ஒரே சிறுகதிரில் இரண்டு பூ உண்டு, மேல்பூ மூத்தது, கீழ்ப்பூ இளையது. மேல்பூவில் மகரந்தம் நான்கு நான்காக நின்றால் கீழ்ப்பூவைப் பாருங்கள். அங்கே டையாகைனசிஸ் மாட்டினால் சிவந்த குட்டை உருவங்கள் தனித்தனியாக நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு ஜோடி. சில வளையமாகவும் சில குச்சியாகவும் தெரியும். வளையத்தில் இரண்டு கைகளிலும் முடிச்சு, குச்சியில் ஒரு பக்கம் மட்டும். பத்தையும் எண்ணி முடித்ததும் கைப்பேசிக் கேமராவைக் கண்வில்லைமேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடுவில்லையின் ஓரத்தை நகப்பூச்சால் அடைத்தால் ஸ்லைடு இரண்டு மூன்று நாள் தாங்கும்.